ஆண்டவருக்குக் குரல் கொடுத்தவன்

அழட்டும், நன்றாக மூக்கைச் சிந்திச் சிந்தி அழட்டும், ஷேலா நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் பூச்சி மாத்திரை விற்றவன் குரலுக்கே இந்த அழுகை என்றால் நிஜமான ஆண்டவர் வந்து வாசலில் நின்று பேசினால் இவர்கள் என்ன செய்வார்கள்... மயங்கி விழுவார்களா, இல்லை, இவர் குரல் என்ன இப்படிக் கீச்சென்று இருக்கிறது, நம் வெனான்சியோ குரல் மாதிரி இல்லையே என்று முகம் சுளிப்பார்களா? சுளிப்பார்கள். எனக்கு இவர்களைத் தெரியும். வியாழக்கிழமை மூன்று மணி, சபைக்குப் பின்னால் தகரம் போட்ட அறை, சுற்றிப் பத்துப் பெண்கள், நடுவில் பிளாஸ்டிக் மேசை, மேசைமேல் என் போன், போனுக்குள் பைபிள் ஆப், ஆப்புக்குள் என் புருஷன். புருஷனாக இருந்தவன். தாகமெடுத்தவர்களையெல்லாம் தன்னிடம் வரச்சொல்லி ஆண்டவர் உரக்கக் கூப்பிடுகிற இடம் ஓடிக்கொண்டிருக்கிறது, யோவான் ஏழாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி, போன வாரமே கேட்டு முடித்ததுதான், பாஸ்குவாலா கிழவி முட்டிவலியால் வரவில்லை என்று அவளுக்காக மறுபடியும்... இந்தக் கூப்பாட்டை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! வயிறு உப்பியவர்களே, ராத்திரியில் பல்லைக் கடிக்கும் பிள்ளை பெற்றவர்களே, தயங்காமல் கை நீட்டுங்கள் என்று பஸ்ஸின் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவானே, அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசி வார்த்தைக்கு முன்னால் அதே சின்ன நிறுத்தம். மாத்திரை அட்டைக்குப் பதிலாக நித்திய ஜீவன், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு எலுவியா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். போதகரின் மனைவி, ஸ்பானிஷில் நாலு புத்தகம் படித்தவள், அவளுக்கே இந்தக் கதி.

இந்த அறையில் எங்கள் கிச்சே மொழியை எழுத்தில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால்தான் போன் என் கையில் இருக்கிறது. பேசுவது முழுக்க கிச்சே, பிறந்தது வளர்ந்தது சண்டை போட்டது எல்லாம் கிச்சே, ஆனால் எழுத்தில் வந்தால் ஒருத்திக்கும் தெரியாது, சிலருக்கு ஸ்பானிஷில் பஸ் பலகை படிக்க வரும், சிலருக்கு அதுவும் இல்லை. குரல் போகப்போக அந்தந்த வரி மஞ்சளாக ஒளிரும், நான் அதன்மேல் விரலை ஓட்டிக் காட்டுவேன், இவர்களும் ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள். போன வருஷம் எலுவியா என் மில்லுக்கு வந்து, சோளம் அரைக்க நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "சகோதரி நிகோலாசா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம், நான் வற்புறுத்தல" என்று இழுத்தபோது எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஓடிப்போனவன் குரலைப் பெண்டாட்டியே வாரா வாரம் ஓட விடுவதா, பாவம்... பாவமாம். நான் உடனே சரியென்றேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தினேன், ஒருநாள்கூட அவன் பேச்சை நடுவில் நிறுத்த முடிந்ததில்லை, சாப்பிடும்போது பேசுவான், நான் சண்டை போட வாயைத் திறந்தால் அதற்கும் அவனே பேசுவான். இப்போது? கட்டைவிரலால் ஒரு தொடு, நின்றுவிடுவான். வாயைப் பிளந்தபடி, பாதி வாக்கியத்தில். எலுவியாவுக்குத் தும்மல் வந்தால் நிறுத்துவேன், கிழவிக்குக் கேட்கவில்லை என்றால் பின்னால் தள்ளிச் சொன்னதையே சொல்ல வைப்பேன். இந்த சுகம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

வீட்டில் தனியாக இருக்கும்போது இன்னொன்றும் செய்வேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆப்பில் ஒரு இடம் இருக்கிறது. ஒன்றரை மடங்கு வைத்தால் மலைப்பிரசங்கம் கோழிச்சந்தை மாதிரி இருக்கும். பாதி வேகத்தில் வைத்தால்... நாக்குக் குழறி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, திருவிழா முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவானே, அச்சு அசலாக அதே வெனான்சியோ. பீன்ஸ் வேகும்வரை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாவமா? பாவமாக இருக்கலாம், பாதி பாவம் அவனுடையது.

முதன்முதலாக இந்த ஆப் ஊருக்குள் வந்தபோது எனக்குத் தெரியாது. அவன் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, பெல்ட் சத்தத்தில் பக்கத்தில் குண்டு விழுந்தாலும் கேட்காது, ஆனால் யாரோ ஒருத்தியின் சால்வை மடிப்பிலிருந்து அவன் குரல் கேட்டது. மோட்டாரை அணைத்துவிட்டுக் கத்தினேன், எங்கே அவன், எங்கேடி ஒளித்து வைத்திருக்கிறாய் என்று. அவள் நடுங்கிப்போய் போனை எடுத்து நீட்டினாள். போனில் அவன் குருடனுக்குப் பார்வை கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கதை இன்னும் சந்தையில் ஓடுகிறது, தெரியும், சிரிக்கட்டும்.

பாஸ்குவாலா கிழவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன குரலு, என்ன குரலு... உள்ள போயி ஈரலப் புடிக்குது. ஆளு மோசமா இருந்தா என்ன, பானை அழுக்கா இருந்தா கஞ்சி கசக்கவா போகுது" என்கிறாள். கசக்கும் பாஸ்குவாலா அம்மா, குடித்தவளுக்குத்தான் தெரியும். அடுத்தது எட்டாம் அதிகாரம். அதற்கும் வழி யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம்தான், வேண்டுமென்றே காலையில் போடாமல் விட்டேன், ஏழு முடிந்ததும் அணைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அடுத்த வாரம் எப்படியாவது ஒன்பதுக்குத் தாவிவிடலாம். எட்டை நான் கேட்டதில்லை. இந்த ஆப்பில் நான் தொடாத ஒரே அதிகாரம் அதுதான். ஏனென்றால் அதில் நான் இருக்கிறேன்.

ஏழு வருஷம் ஆகிறது. தலைநகரிலிருந்து பதிவுக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்து அறையொன்றில் ஜன்னல் சுவர் எல்லாவற்றிலும் கம்பளிப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள், நாய் குரைப்பு உள்ளே வரக்கூடாதாம். ஊரில் குரல் உள்ளவர்களைத் தேடினார்கள். கதை சொல்ல வாத்தியார், பேதுருவுக்குக் கசாப்புக்காரர், ஆண்டவருக்கு... வேறு யார், என் பூச்சி மாத்திரைக்காரன். மூன்று வாரம் ஊருக்கு ராஜா மாதிரி நடந்தான். விபசாரத்தில் பிடிபட்டவளைக் கல்லெறியக் கொண்டுவருகிறார்களே, அந்த இடத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரி. எல்லாரும் போய்விட்டார்களா, ஒருத்தனும் உன்னைத் தண்டிக்கவில்லையா என்று அவர் கேட்பார், இல்லை ஆண்டவரே என்று அவள் சொல்ல வேண்டும். ஊரில் எவளும் அந்த வரியைச் சொல்ல ஒப்பவில்லை, சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். "நீ வந்து சொல்லு நிக்கோ, நாந்தான எதிர்ல நிக்கப்போறேன், எவன் என்ன சொல்லப்போறான்?" என்று கூட்டிப்போனான். போர்வைகளுக்கு நடுவில் மூச்சு முட்ட நின்று திரும்பத் திரும்பச் சொன்னேன், பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வரும் வழியில், "உன்னோடது பிரமாதமா வந்திருக்காம், அவங்களே சொன்னாங்க" என்றான். எனக்குப் பெருமை, சிரிப்பாகத்தான் இருக்கிறது, விபசாரிக்குக் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவன் ருஃபீனாவோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். பிறகு எப்படிக் கேட்பேன்? அவன் கேள்வி கேட்க நான் பதில் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறைக்குள், போர்வைகளுக்கு நடுவில்... வேண்டாம். கிடக்கட்டும் உள்ளேயே.

கதவு கிறீச்சிட்டது. பாஸ்குவாலா கிழவி திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ருஃபீனா. "மத்தியான வணக்கம், சகோதரிகளே, நானும் உக்காரலாமா?" ஊருக்குத் திரும்பி நாலு வாரம் ஆகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், அம்மா வீட்டில் படுத்தே கிடக்கிறாள் என்றார்கள், இருமுகிறாள் என்றார்கள், அவனும் அவளை விட்டுவிட்டு எங்கோ வடக்கே எல்லை தாண்டிப் போய்விட்டானாம். இவ்வளவு நாளும் இவளை எப்படியெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்! பளபளவென்று, மாரை நிமிர்த்திக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு... இதுவா? கழுத்தெலும்பு துருத்த, நம் நெய்த பாவாடையை விட்டுவிட்டு யாரோ கொடுத்த கடைப் பாவாடை, காலில் பட்டை அறுந்து நூலால் கட்டின செருப்பு, விரல் நகத்தில் மட்டும் பாதி உரிந்த சிவப்புச் சாயம். இதற்காகவா என்னை விட்டுப் போனான்? எனக்கு வந்தது கோபம் இல்லை. சந்தையில் அழுகின தக்காளியை யாரோ என் தட்டில் போட்டால் வருமே, அது. சீ என்று. இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்றுகூட யோசிக்க வேண்டியதில்லை, குரலைக் கேட்க வந்திருக்கிறாள், ஆள் போய்விட்டான், குரலாவது இலவசமாகக் கிடைக்குமே என்று. சகோதரிகளாம்.

எலுவியா எழுந்து நாற்காலி நகர்த்திப் போட்டாள், என் பக்கத்திலேயே, வேறு இடம் இல்லை. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "இன்னிக்கு நேரமாயிடுச்சு... எட்டு ரொம்பப் பெருசு, அடுத்த தடவ பாத்துக்கலாம். ஒம்பதிலேந்து போட்டுடேன், சகோதரி நிகோலாசா" என்றாள். பார்த்தாயா! நான் பேட்டரியைக் காட்டித் தப்பிக்க நினைத்தது போக, இவளே வழி காட்டுகிறாள், ஆனால் எனக்காகவா? அந்த அழுகின தக்காளிக்காக. பிடிபட்டவள் கதையைக் கேட்டால் இந்தம்மாவுக்கு மனசு நோகுமாம். ஊர் மேய்ந்துவிட்டு வந்தவளுக்கு நாற்காலி, நோகாமல் அதிகாரம், இனி அடுத்த வாரம் தேநீரும் இனிப்பு ரொட்டியும் கொடுப்பாள் போலிருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. கேட்கட்டும். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்கட்டும், அவன் என்னைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான், இவளைப் பார்த்து இல்லை. "வரிசையா கேட்டாத்தான் புரியும்னு நீங்கதான சொல்லுவீங்க, சகோதரி" என்றேன், ரொம்பப் பணிவாக. எலுவியா, "இல்ல, அதுக்கில்ல..." என்று ஆரம்பித்தாள். நான் எட்டைத் தொட்டுவிட்டேன்.

வாத்தியார் குரல் முதலில். காலை, கோயில், ஜனங்கள். கூட்டத்தின் கூச்சல், அதற்கு ஊரில் இருபது பேரைக் கூட்டிக் கத்தவைத்தார்கள், அதில் பாஸ்குவாலா கிழவியின் குரல்கூட இருக்கிறது. இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். அவர் குனிந்து தரையில் எழுதுகிறார், அந்த இடத்தில் சும்மா காற்று, கரகரவென்று ஒரு சத்தம், தரைமேல் குச்சியால் கீறினார்கள். பக்கத்தில் ருஃபீனா இருமலை அடக்குகிறாள், நாற்காலி ஆடுகிறது. நான் விரலை மஞ்சள் வரியோடு நகர்த்திக்கொண்டே போகிறேன், ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுகிறார்கள், அவனும் அவளும் மட்டும்... வெனான்சியோ நிமிர்ந்து கேட்கிறான். நல்ல குரல்தான். பொல்லாத குரல்தான். பஸ்ஸில் இந்தக் குரலில் ஒருநாளும் அவன் பேசினதில்லை, மெதுவாக, அதட்டல் இல்லாமல், யாரும் இல்லையா அம்மா என்று. என் கழுத்து சூடாகிறது, அடுத்தது நான். ருஃபீனாவின் பக்கம் திரும்பினேன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று, அவ்வளவுதான் ஆசை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அசைந்த பிறகு போனிலிருந்து குரல் வந்தது.

இல்லை ஆண்டவரே. நடுவில் ஒரு சின்ன மூச்சு, வார்த்தை தொடங்கும்போது ஒரு விரிசல்... இப்போது, இப்போதுதானே, மத்தியான வணக்கம் சகோதரிகளே என்று இந்த விரிசலோடு ஒருத்தி உள்ளே வந்தாள்? என் குரலை எனக்குத் தெரியாதா? என் குரலில் விரிசல் ஏது, மோட்டாருக்கு மேல் கத்திக் கத்தித் தடித்த குரல் என்னுடையது. கை தானாகப் பின்னால் தள்ளியது, மறுபடி கேள்வி, மறுபடி மூச்சு, மறுபடி விரிசல். இல்லை ஆண்டவரே. நிமிர்ந்து பார்த்தேன். எலுவியா தன் ஸ்பானிஷ் பைபிளுக்குள் குனிந்துவிட்டாள். ஒருத்தி ஏப்ரனில் இல்லாத நூலைப் பிடித்து இழுக்கிறாள், ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள், மழை ஆரம்பித்துவிட்டதா என்பது போல. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பத்துப் பேரில் ஒருத்திக்குக்கூட இல்லை.

"அப்பாடா, இன்னிக்காவது போட்டியே" என்றாள் பாஸ்குவாலா கிழவி, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில். "ஆறு வருஷமா உன் காதுல விழுற மாதிரி எவளும் இதப் போடக்கூடாதுன்னு எலுவியா எங்க வாயக் கட்டி வச்சிருந்தா. நானும் பேத்தி போன்ல ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் கேட்டேன்."

"பாஸ்குவாலா அம்மா!" என்று எலுவியா அதட்டினாள், லேட்டாக.

ஆறு வருஷம். மில்லில் வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமும்... நான் பக்கத்தில் வந்தால் போனைச் சட்டென்று அமர்த்துவார்களே, நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன், இல்லை, பயம் என்று நினைத்திருந்தேன். படிக்கத் தெரியாத ஜென்மங்கள் என்று நான் வாரா வாரம் விரலை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் என்னைப் பார்த்து... என்ன நினைத்தார்கள்? சிரித்திருந்தால் தேவலை. இவர்களுக்கு என்னைக் காப்பாற்றுகிற உரிமையை யார் கொடுத்தது? போனில் வெனான்சியோ பேசிக்கொண்டே போகிறான், நானும் உன்னைத் தண்டிக்கவில்லை, போ என்கிற இடம் தாண்டி, ஏதோ வெளிச்சம், ஏதோ இருட்டு. ருஃபீனா என் பக்கம் குனிந்தாள், அவள் மூச்சில் யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை. "அக்கா... உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் என்னைக் கேக்க வைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

கட்டைவிரலால் போனின் சத்தத்தைக் குறைத்தேன்.

"நான் அங்க பதிவுக்காரங்களுக்குச் சமைக்கத்தான் போனேன்" என்றாள், கிசுகிசுப்பாக, ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "கடைசி நாள். சாமான் எல்லாம் கட்டிட்டாங்க. அந்த மூக்குக்கண்ணாடி போட்டவர் தலையில கை வச்சிக்கிட்டு, இந்த ஒரு வரி மட்டும் சரியா வரல, அந்தம்மா சொல்றது அவரைத் திட்டற மாதிரி இருக்கு, எத்தன தடவ எடுத்தாலும் திட்டறாங்கன்னாரு. அப்பத்தான் என்னை அடுப்படியிலேந்து கூப்பிட்டாங்க. ஒரே தடவதான் சொன்னேன்." நிறுத்தி இருமினாள். "அன்னிக்குத்தான் உங்க வீட்டுக்காரரு என்கிட்ட மொத மொதல்ல பேசினாரு. என்ன சொன்னாரு தெரியுமா... வீட்டுல நிக்கோகிட்ட சொல்லிடாத, அவளுக்கு இது ரொம்பப் பெருமை, மனசு உடைஞ்சுடுவான்னு."

பொய் சொல்கிறாள். இல்லை, பொய் சொல்ல இவளுக்கு இப்போது தெம்பு இல்லை. பிரமாதமா வந்திருக்காம் என்றானே... சாயங்காலம், பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து இறங்கும்போது, என் கைப்பையைக்கூட அவனே வாங்கி மாட்டிக்கொண்டு... அது பொய் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இதையும் அவன் கணக்கில் ஒரு பொய்யாகச் சேர்த்திருப்பேன், இப்போது எதில் சேர்ப்பது? அதைவிட அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் சொன்னது. திட்டுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும். நான் திட்டவில்லையே, மனசாரச் சொன்னேனே, உயிர் தப்பினவள் மாதிரி சொல்லு என்றார்கள், அப்படித்தான் சொன்னேன், எனக்கு அப்படித்தான் கேட்டது. மழை தகரத்தில் இறங்கிவிட்டது, இனி போனில் என்ன ஓடினாலும் யாருக்கும் கேட்காது, எலுவியா எழுந்து என் தோளைத் தொடலாமா என்று கை நீட்டி மடக்கிக்கொள்கிறாள், பாஸ்குவாலா கிழவி என்னம்மா நின்னுபோச்சா, நின்னுபோச்சா என்கிறாள், நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ருஃபீனாவுக்கு இருமல் அடங்கவில்லை, என் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினேன், எதற்கு என்று தெரியவில்லை, குடிக்கட்டும். அந்த மூன்று வாரம்... அவன் சாராயத்தைத் தொடக்கூட இல்லையே, தொண்டை கெட்டுவிடும் என்று. அடுப்படியில் ருஃபீனா என்று ஒருத்தி இருப்பது அதுவரை அவனுக்கே தெரியாது. தினமும் வீட்டுக்கு வந்தான், எனக்கு அவனிடம் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியிருக்க அந்தப் போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவன் அவ்வளவு மெதுவாகக் கேட்க, நான் எதற்காக அவனைத் திட்டினேன்...